கஸ்பார் சரிபார்ப்பில் உள்ளார்

பொய்ச் செய்திக்கு எதிராகப் பள்ளிக்கூடமே வெயிலில் நின்று உறுதிமொழி எடுத்துக்கொண்ட அன்றைக்குத்தான் ஆக்னஸின் அப்பா பிள்ளை பிடிப்பவர் ஆனார்.

உறுதிமொழி எடுக்கும்போது வலது கையில் செல்போனை உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்பது மெய்ச்செய்தி மன்றத்தின் விதி. செல்போனைப் பள்ளிக்குள் கொண்டுவரவே கூடாது என்பது பள்ளிக்கூடத்தின் விதி. இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு பிள்ளையும் அட்டையில் ஒரு செல்போன் வெட்டிக்கொண்டு வந்திருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் அட்டையில் பின்பக்கம் மூன்று கேமரா வரைந்திருந்தது. பிளஸ் ஒன் படிக்கிற ஆக்னஸ் வெட்டியது கருவாடு கட்டி வந்த பெட்டியின் அட்டையை. அவள் கையை உயர்த்தியதும் முன்வரிசையும் பின்வரிசையும் மூக்கைப் பொத்திக்கொண்டே உறுதிமொழி சொன்னார்கள்.

"நிற்பேன், நினைப்பேன், பிறகே பகிர்வேன்!"

மைக்கில் சொல்லிக் கொடுத்தவர் தேவபிரசாதம் சார். தலைமையாசிரியர், மன்றத்தின் நிறுவனத் தலைவரும் அவரே. போன வருஷம் ஐப்பசியில், புயல் கரையைக் கடக்கிறது, மாவட்டம் முழுக்க விடுமுறை என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி அவர் மணியடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். புயல் உண்மையான புயல்தான். ஆனால் அது நாலு வருஷத்துக்கு முன்னாலேயே வந்து போய்விட்டது. மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். பொய்ச் செய்தியால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட அனுபவம் தமக்கு இருப்பதாக அவர் விளக்கம் எழுதினார். அந்த அனுபவத்தைத் தகுதியாக வைத்து மன்றம் தொடங்க அனுமதியும் வாங்கிவிட்டார். தூத்துக்குடிச் சுற்றுவட்டாரத்தில் இப்படி ஒரு மன்றம் வைத்திருக்கும் பள்ளி இது ஒன்றுதான் என்று வாசல் பேனரில் போட்டிருந்தது. அதை யாரும் சரிபார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் பெவின் ஆக்னஸைக் கூப்பிட்டான். பெவின் மன்றத்தின் உண்மைத் தூதுவன். நிஜ செல்போன் வைத்துக்கொள்ளும் அதிகாரம் மாணவர்களில் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு.

"ஏளா ஆக்னஸ், இங்கன வா. புதுசா ஒரு பிள்ளை புடிக்கவன் எறங்கிருக்காம் பாரு. சங்க எடுத்து பிள்ளைய காதுல வப்பானாம். அதுல மருந்து தடவிருக்குமாம். பிள்ளை அப்படியே சாவி குடுத்த பொம்மை மாதிரி அவன் பின்னால போயிருமாம்."

படம் மங்கலாக இருந்தது. ஒரு மொபெட்டின் பின்பாதி, ஒரு சாக்கு, தொப்பியின் நிழலில் முகம் தெரியாத ஓர் ஆள். அவன் நீட்டிய கையில் சின்னச் சங்கு. எதிரே பாவாடை கட்டிய ஒரு குட்டிப் பெண், வாங்கலாமா வேண்டாமா என்று நிற்கிறது. யாருக்கும் அந்த ஆளை அடையாளம் தெரிந்திருக்காது. ஆக்னஸுக்குத் தெரிந்தது. அந்தச் சட்டையின் கடைசிப் பித்தான் மட்டும் சிவப்பு. போன வாரம் வெள்ளைப் பித்தான் கிடைக்காமல் அவள்தான் தைத்துக் கொடுத்தாள்.

அவள் அப்பா கஸ்பார் கருவாடு விற்கிறவர். விடியுமுன் மொபெட்டில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயல்காட்டு ஊர்களுக்குப் போவார். நெத்திலி, வாளை, சாளை. வாங்குகிற வீட்டில் பிள்ளை இருந்தால் ஒரு சங்கோ சோழியோ கொசுறு. வலையில் மாட்டி வந்து, விலைக்கு ஆகாது என்று கரையில் கொட்டுகிற சங்குதான். காதில் வைத்துக் கடலைக் கேள் என்பார். நெல் விளைகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய அதிசயம். அம்மாக்காரிகள் வாங்காமல் போனாலும் பிள்ளைகள் விடாது. இருபது வருஷத் தொழிலில் கஸ்பார் கற்றுக்கொண்ட ஒரே வியாபாரத் தந்திரம் அது.

"இது எங்கப்பாலா," என்றாள் ஆக்னஸ்.

பெவின் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "உங்கப்பா பிள்ளை புடிக்காவளா?"

"கருவாடு விக்காவலே!"

"அப்ப கிருபாபாய் மிஸ்ட்ட சொல்லு. நான் தூதுவன் மட்டும்தான். உண்மையத் தீர்மானிக்கிற அதிகாரம் எனக்குக் கெடையாது."

கிருபாபாய் மிஸ் கம்ப்யூட்டர் ஆசிரியை, மன்றத்தின் செயலாளர். சரிபார்ப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் சிக்னல் கிடைக்காது. எதையாவது சரிபார்க்க வேண்டுமென்றால் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிப் படியில் மூன்றாவது படிக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். ஆகவே மிஸ் பெரும்பாலும் சரிபார்க்காமல் அறையிலேயே இருப்பார்.

"மிஸ், இந்தப் போட்டோல இருக்கது எங்கப்பா. பிள்ளை புடிக்கவரு இல்ல மிஸ். அவிய கருவாடு விக்காவ. அந்தச் சங்கு கொசுறு."

மிஸ் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இந்த ஆளை உனக்குத் தெரியுமா?"

"எங்கப்பா மிஸ்."

"அதான் கேக்கேன். தெரியும்லா? அப்ப நீ சொல்லுறத எடுத்துக்கிட முடியாதே. பக்கச்சார்பு வந்துரும். இந்த ஆளை முன்னப் பின்ன அறியாத ஒருத்தர் வந்து இவர் நல்லவர்னு சொன்னாத்தான் நடுநிலை."

"தெரியாதவங்க எப்படி மிஸ் நல்லவர்னு சொல்லுவாவ?"

"தெரியாதவங்கதானே கெட்டவர்னு சொல்லிருக்காங்க? அதை மட்டும் சொல்லத் தெரியுதுல்லா?" மிஸ் படத்தைப் பெரிதாக்கினார். "இன்னொரு பிரச்சினை. முகமே தெரியல. மங்கலான ஆளை நாங்க எப்படிச் சரிபார்க்க? உங்க வீட்டுல நல்ல போட்டோ இருந்தா கொண்டா. முகம் தெளிவா இருக்கணும். வண்டியும் தெரிஞ்சா நல்லது. அந்தச் சங்குலயும் ஒண்ணு கொண்டா."

ஆக்னஸுக்கு உயிர் வந்தது. மறுநாள், மாதா கோயிலில் வண்டியை மந்திரித்து ஆசி வாங்கிய அன்றைக்கு எடுத்த படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக்கொண்டு போனாள். அப்பா வெளுத்த சட்டையோடு, மாலை போட்ட மொபெட்டைப் பிடித்துக்கொண்டு, வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார். நெற்றி வடுவும் தெரியும், வண்டி நம்பரும் தெரியும். நேராகத் திருப்பினாலும் பக்கவாட்டில் திருப்பினாலும் பொல்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாத படம். மிஸ் அதை வாங்கிப் பார்த்து, "அருமையா இருக்கு," என்றார். அதைக் கேட்டு ஆக்னஸ் அழுதேவிட்டாள்.

சங்கைத் தேவபிரசாதம் சாரே நேரில் ஆராய்ந்தார். எதையும் அறிவியல்பூர்வமாகச் செய்ய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பையனை வரவழைத்து, அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, சங்கைக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவன் சும்மா இருக்கக் கூடாதே என்பதற்காக மன்றத்தின் விதிமுறைகளை அவனுக்கு வாசித்துக் காட்டும்படி பெவினிடம் சொன்னார். நாலாவது விதியில் பையன் சங்கோடு தூங்கிப்போனான். உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. 'மயக்கம் ஏற்பட்டது. காரணம் சங்கா, விதிமுறைகளா என்பது மேலும் ஆராயத்தக்கது' என்று சார் முடிவு எழுதினார். செய்தி சுருக்கமாக இருக்க வேண்டும் என்று கிருபாபாய் மிஸ் முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மன்றத்தின் முதல் பெரிய பதிவு வெளியானது. இடப்பக்கம் மங்கலான படம். வலப்பக்கம் தெளிவான கஸ்பார். வண்டி நம்பரைச் சுற்றி ஒரு வட்டம். 'சங்கு: மயக்கம் ஏற்பட்டது.' மேலே பள்ளியின் சின்னம், கீழே பச்சை முத்திரையில் 'சரிபார்ப்பில் உள்ளது.' அதற்கும் கீழே ஒரு கேள்வி: 'இது உண்மையா? வாக்களிப்பீர். பகிர்ந்து பிறரையும் வாக்களிக்கச் செய்வீர்.' எல்லா வகுப்புக் குழுக்களுக்கும் போனது. பெற்றோர் குழு, பழைய மாணவர் குழு, துபாயில் இருக்கிற பழைய மாணவர் குழு, சபைக் குழு, ஜெபக் குழு, உப்பளத்துக் கூலிக் குழு, சீட்டுக் குழு. முகம் தெரியாமல் ரெண்டு தெருவில் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளை பிடிப்பவருக்கு மன்றம் ஒரு முகமும் ஒரு நம்பரும் ஒரு முத்திரையும் கொடுத்து மாவட்டம் முழுக்க அனுப்பிவைத்தது.

மறுநாள் ஆக்னஸ் தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், அதை அழிச்சிருங்க சார். எங்கப்பாவ அடிச்சிருவானுவ."

"யாரு அடிப்பா? எதுக்கு அடிப்பா?" தேவபிரசாதம் சார் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஏளா, நாங்க அவரை பிள்ளை புடிக்கவர்னு சொல்லிருக்கோமா? கேட்டுத்தானே இருக்கோம்? கேக்குறது தப்பா?"

"எல்லாரும் அதை நெசம்னு நெனைக்காவ சார்."

"நெனைச்சா ஓட்டுப் போடட்டும். ஜனநாயக நாடும்மா இது. உண்மைய மேல உக்காந்து ஒருத்தன் திணிக்கக் கூடாது. கீழ இருந்து வரணும். இப்ப அழிச்சோம்னா, மன்றம் உண்மைய மறைக்குன்னு ஒரு பொய்ச் செய்தி கிளம்பும். பொய்ச் செய்தி கிளம்ப நானே காரணமா இருக்க முடியுமா? நீயே சொல்லு."

ஆக்னஸ் வாசலை விட்டு இறங்கினாள். அவள் என்ன சொன்னாலும் பக்கச்சார்புதான்.

வீட்டுக்கு வந்தபோது கஸ்பார் முற்றத்தில் உட்கார்ந்து நாளைக்குப் போக வேண்டிய நெத்திலியைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப் பார்ப்பதற்கு அவருக்குக் கண்ணும் கிடையாது, நேரமும் கிடையாது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"ஏளா ஆக்னஸ், உங்க பள்ளிக்கூடத்துல என் போட்டோவ போட்டிருக்காவளாமே! வாய்க்கா கரையில ஒருத்தன் சொல்லுதான். பச்சை முத்திரைலாம் குத்திருக்காம். என்னளா, எதும் பரிசா?"

அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் கை சாக்குக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"நான் நெத்திலி விக்கத்துக்கே நாய் படாத பாடு படுதேன். பிள்ளைய புடிச்சிட்டுப் போய் எவன்ட்ட விக்க?"

"சிரிக்காதீங்கப்பா. கொஞ்ச நாளைக்குப் போவாதீங்க."

"போவாம? இந்தச் சரக்கு ஒரு மழைக்குத் தாங்காது மக்களே. அதும் போவ, நாளைக்கு நான் போவலன்னு வையி, பாத்தியா ஓடிட்டான்னு சொல்லுவானுவ. போனாத்தான் நல்லது. எல்லாரும் தெரிஞ்ச ஆளுவதான்."

"தெரியாத ஆளும் வருவான்லாப்பா?"

"படிச்சவங்க கையில எடுத்திருக்காங்கள்லா? அவங்க பாத்துக்கிடுவாங்க," என்றார் கஸ்பார். மன்றத்தின் மீது மாவட்டத்திலேயே அதிக நம்பிக்கை வைத்திருந்த ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவரிடம் பேசிப் பயனில்லை என்று ஆக்னஸ் தானே ஒரு வழி யோசித்தாள். ஊர் முழுக்கத் தெரிந்திருப்பது வண்டி நம்பர். வண்டி போனால்தானே ஆபத்து? விடியுமுன் எழுந்து மொபெட் சாவியை எடுத்துப் பென்சில் டப்பாவுக்குள் போட்டு, டப்பாவைப் புத்தகப் பைக்குள் போட்டு, ஒன்றும் தெரியாதவள் போலப் படுத்துக்கொண்டாள். அப்பா சாவியைத் தேடுகிற சத்தம் கேட்டது. அம்மாவைத் திட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் அடங்கியது. அவர் படுத்துவிட்டார் என்று நினைத்து, இரண்டு நாளில் முதல்முறையாக ஆக்னஸ் நன்றாகத் தூங்கினாள்.

கஸ்பார் படுக்கவில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். கதைகளில் வருகிற பிள்ளை பிடிப்பவனைப் போல, ஊர் ஊராகத் தோளில் சாக்கோடு நடந்து போகிற ஆளாக அன்றைக்கு முதல்முறையாக ஆனார்.

உறுதிமொழியோடு தொடங்கிய மன்றத்தின் பொறுப்பான பகிர்வு வாரத்துக்கு அன்றைக்குத்தான் நிறைவு விழா. பந்தல் போட்டு, குத்துவிளக்கு வைத்து, எல்லாப் பிள்ளைகளும் மறுபடியும் அட்டை செல்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி, மன்றத்தின் புரவலர். உப்பு வியாபாரி; பேனர் செலவு முழுக்க அவருடையது. பேனர்களில் மன்றத்தின் பெயரைவிட அவர் முகம் பெரிதாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

அண்ணாச்சி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"பிள்ளைகளே, பொறுப்புன்னா என்ன? என்னையே எடுத்துக்கிடுங்க. காலைல பல்லு விளக்குததுக்கு முன்னால எரநூறு பேருக்குச் செய்தி அனுப்பிருவேன். ஒண்ணையாவது படிச்சிருப்பேனா? கெடையாது. ஏன்? படிச்சிட்டு அனுப்புனா அதுல நம்ம கருத்து கலந்துரும். வந்தத வந்த மாதிரி அனுப்பணும். தபால்காரன் லெட்டரப் பிரிச்சுப் பாப்பானா? அதான் நேர்மை."

கைதட்டல்.

"எங்க மாமியாருக்குச் சர்க்கரை. மாத்திரையே வேண்டாம், இந்தச் சாற குடிங்கன்னு ஒரு வீடியோ வந்துது. குடுத்தோம். இன்னைக்கு அவங்க நம்ம கூட இல்ல. ஆனா கடைசி வரைக்கும் அந்த வீடியோவப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசிருப்பாங்களா? அந்தக் காலத்து மனுசங்களுக்கு இருந்த பொறுப்பு இன்னைக்கு யாருக்கு இருக்கு?"

இன்னும் பெரிய கைதட்டல். கிருபாபாய் மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு தேவபிரசாதம் சார் எழுந்து, கஸ்பார் பற்றிய வாக்கெடுப்பின் முடிவை அறிவித்தார். வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் 'உண்மை' என்று சொல்லியிருந்தார்கள். துபாயிலிருந்து மட்டும் ஒருத்தர்கூட 'பொய்' என்று சொல்லவில்லை. பந்தலுக்குள் ஒரு சலசலப்பு ஓடியது.

"யாரும் பதற வேண்டாம். இது இடைக்கால உண்மைதான். இறுதி உண்மைய மன்றத்துக் கமிட்டி கூடி முறைப்படி அறிவிக்கும். அதுவரைக்கும் பெற்றோர்கள் இடைக்கால உண்மைப்படி ஜாக்கிரதையா இருந்துக்கிடணும்."

ஆக்னஸ் எப்படி மேடையில் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மைக்கின் கழுத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அது எங்கப்பா," என்றாள். "எங்கப்பா பேரு கஸ்பார். அவிய கருவாடு விக்காவ. அவிய யாரையும்…"

யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் வாய் மட்டும் அசைந்தது. "நிகழ்ச்சி நிரல்ல இல்லாதது எதுக்கும்மா?" என்று கிருபாபாய் மிஸ் அவளைத் தோளில் பிடித்து இறக்கினார். "அடுத்து பாட்டு இருக்கு. பிள்ளைங்க மேக்கப் போட்டுட்டு நிக்குதுவ."

மேடைக்குப் பின்னால் பெவின் நின்றுகொண்டிருந்தான். கையில் இருந்த போனை அவளிடம் காட்டலாமா வேண்டாமா என்று தடுமாறினான். அவள் பிடுங்கிப் பார்த்தாள்.

ஒரு மின்கம்பம். அதில் வேட்டியால் கட்டியிருக்கிற ஓர் ஆள். காலடியில் கிழிந்த சாக்கு. மண்ணில் நெத்திலி சிதறிக் கிடக்க, அதற்கு நடுவே வெள்ளையாகச் சின்னச் சின்னச் சங்குகள். யாரோ ஒருத்தன் ஒரு சங்கை எடுத்துக் கேமராவுக்குக் காட்டி, "பாருங்க, இதான் அந்தச் சங்கு, பள்ளிக்கூடத்துலயே டெஸ்ட் பண்ணிட்டாவ," என்கிறான். அந்த ஆள் ஏதோ சொல்லப் பார்க்கிறார். சொல்ல விடவில்லை. சட்டையின் கடைசிப் பித்தான் இன்னும் அறுந்து போகாமல் இருந்தது.

"பெவின், போன் எங்கிட்ட இருக்கட்டும்லே. போலீசுக்கு அடிக்கணும்."

"மன்றத்துப் போன்ளா… வெளிய பேசுததுக்கு சார்ட்ட கேக்கணும்." சொல்லும்போது அவனுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

பெவின் கொண்டுபோய் நீட்டிய வீடியோவைத் தேவபிரசாதம் சார் இரண்டு தடவை பார்த்தார். "இது இன்னைக்கு எடுத்ததுன்னு எப்படித் தெரியும்? நம்ம மாவட்டம்தான்னு எப்படித் தெரியும்? ஏளா, நாலு வருசத்துப் பழைய புயலையே என்கிட்ட புதுசுன்னு வித்துட்டானுவ. நான் இனிமே ஏமாறுவேனா?"

"சார், அவிய எங்கப்பா சார்! சாகப் போறாவ சார்!"

"உணர்ச்சிவசப்படுதப்பதான் மனுசன் தப்பான செய்திய நம்புதான். அதுதானம்மா இந்த வாரம் பூரா சொல்லிக் குடுத்தோம்? மிஸ், இதுக்கும் பச்சை முத்திரை போட்டு அனுப்புங்க. கேட்டுப் பாப்போம்."

"எனக்கும் ஒண்ணு அனுப்புங்க சார்," என்றார் சங்கரபாண்டியன் அண்ணாச்சி, காப்பியை உறிஞ்சிக்கொண்டே. "நல்லா தெளிவா எடுத்திருக்கான்."

ஆக்னஸ் ஓடினாள். தெருமுனை ரீசார்ஜ் கடை வரைக்கும் ஓடியதும்தான், கையில் அட்டை செல்போனைப் பிடித்திருப்பது தெரிந்தது. கடைக்கார அண்ணாச்சி குனிந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். அதே மின்கம்பம்.

"அண்ணாச்சி, போன் ஒரு நிமிசம் தாங்க. போலீசுக்கு."

"இரு பிள்ளே," என்றார் அவர் தலையைத் தூக்காமல். "முடியப் போவுது."

முடிந்ததும் கொடுத்தார்.

கஸ்பார் சாகவில்லை. போலீஸ் போவதற்கு முன்னாலேயே, வருஷக்கணக்காக அவரிடம் வாளைக் கருவாடு வாங்குகிற ஓர் அம்மா கூட்டத்துக்குள் புகுந்து, "இவர எனக்குத் தெரியும், விடுங்கலே," என்று கத்தியிருக்கிறாள். தெரியும் என்று சொன்னதற்காக அவளுக்கும் ரெண்டு அடி விழுந்தது. அவளை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவரை அடிப்பது கொஞ்சம் குறைந்தது. உயிர் மிச்சமானது அந்த இடைவெளியில்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ரெண்டு நாள் கழித்து மத்தியானம், இறுதி உண்மையைக் கண்டறிய கமிட்டி பெரியாஸ்பத்திரிக்கு வந்தது. தேவபிரசாதம் சார், கிருபாபாய் மிஸ், பேனரின் ரெண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு பிள்ளைகள், படம் எடுக்க பெவின். பெவின் ஆக்னஸின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மிஸ் கஸ்பாரின் தெளிவான படத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். கோயில் வாசலில் மாலை போட்ட வண்டியோடு கஸ்பார் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க," என்றார் சார். கஸ்பாரால் திரும்ப முடியவில்லை. அம்மா திருப்பிவிட்டாள். சார் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த அவசரமும் இல்லை. இந்த ஒரு வேலையில் மன்றம் அவசரமே படாது.

"படத்துல இருக்கவருக்கு ரெண்டு கண்ணும் தொறந்திருக்கு. இவருக்கு ஒண்ணுதான் தொறக்குது. மிஸ், பாத்துக்கிட்டீங்களா?"

"ஆமா சார். மூக்கும் ஒத்துவரல."

"பல்லு?"

"வாயத் தொறங்கண்ணாச்சி… மேல் வரிசை ஒத்துவரல சார்."

"நெறம்?"

"படத்துல மாநிறம். இவரு ஊதா."

"சார், அடிச்சதுனாலதான் சார் அப்படி இருக்கு," என்றாள் ஆக்னஸ்.

"காரணத்துக்குள்ள மன்றம் போவாதும்மா. கண்ணுக்குத் தெரியுத உண்மை மட்டும்தான்." சார் நிமிர்ந்து நின்று, பேனரைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லிவிட்டு அறிவித்தார். "படத்துல இருக்கவரும் இந்தக் கட்டில்ல இருக்கவரும் ஒரே ஆள் இல்லன்னு கமிட்டி ஒருமனதா முடிவு பண்ணுது. எனவே, கஸ்பார் பிள்ளை பிடிப்பவர்ங்கிற செய்தி பொய். மிஸ், செவப்பு முத்திரை போட்டு எல்லாக் குழுவுக்கும் அனுப்பிருங்க."

பேனர் பிடித்த பிள்ளைகள் கை தட்டின. பேனர் கட்டிலில் விழுந்தது.

"பாத்தியா ஆக்னஸ்," என்றார் சார், அவள் தலையில் கை வைத்து. "உண்மை ஜெயிச்சிட்டு. கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான். அன்னைக்கே நான் அழிச்சிருந்தேன்னா இன்னைக்கு இந்தத் தீர்ப்பு கெடைச்சிருக்குமா?"

கஸ்பாரின் வீங்கிய உதடு அசைந்தது. என்னவோ வலியில் முனகுகிறார் என்று ஆக்னஸ் குனிந்து கேட்டாள்.

"சாருக்கு… காப்பி எதும்… வாங்கிட்டு வா மக்களே," என்றார் அவர்.

காப்பி வேண்டாம், இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது என்று சொல்லி, கட்டிலைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கமிட்டி கிளம்பியது.

பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு ஒரு சின்னப் பையன் கிடந்தான். அவன் அம்மாவும் அதே கட்டிலில் ஒண்டிப் படுத்திருந்தாள். காலையிலிருந்து ஆக்னஸின் அம்மாவுக்கு வெந்நீர் வாங்கிக் கொடுத்ததும், தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்ததும் அவள்தான். நல்ல மனுஷி. கமிட்டி வந்தபோது அவள் பையனைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போயிருந்தாள். திரும்பி வந்து படுத்ததும் அவளுடைய போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். அப்படியே எழுந்து உட்கார்ந்து பையனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏளா பிள்ளே, இத பாத்தியா?" என்று போனை ஆக்னஸ் பக்கம் நீட்டினாள். மாலை போட்ட வண்டி, சிரிக்கிற அப்பா, குறுக்கே சாய்வாக ஒரு சிவப்பு முத்திரை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அந்த அம்மா பார்க்கவில்லை. அவள் பார்த்தது முகத்தை. "பிள்ளை புடிக்கவனாம். மூஞ்சிய பாரேன், என்னமா சிரிக்கான் சவத்துப்பய. இங்கனதான் சுத்துதானாம். நீயும் பொம்பளப்பிள்ளை, தனியா கீழ டீ வாங்கப் போவாத, என்ன?"

"சரிக்கா," என்றாள் ஆக்னஸ்.

அந்த அம்மா போனை வைத்துவிட்டு, கஸ்பார் கிடந்த கட்டிலைப் பார்த்தாள். அவரது தலைக்கட்டையும் மூடிய கண்ணையும் கழுத்திலிருந்து துணியில் தூக்கிக் கட்டியிருந்த கையையும் பார்த்து உச்சுக் கொட்டினாள். "கேக்கவே இல்லியே. அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

ஆக்னஸ் சுற்றிலும் பார்த்தாள். வார்டு முழுக்கக் கட்டில். கட்டிலுக்கு ரெண்டு பேர். ஆளுக்கு ஒரு போன். அவள் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஆக்னஸ் அப்பாவைப் பார்த்தாள். திறந்திருந்த அந்த ஒற்றைக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வண்டில போனாவ. மாடு குறுக்க வந்துட்டுக்கா. விழுந்துட்டாவ."

"ஐயோ பாவம்! இந்த மாட்ட அவுத்து விட்டுட்டுப் போயிருதானுவ பாரு," என்றாள் அந்த அம்மா. அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"செவலை மாடு," என்றார் கஸ்பார், உடைந்த வாயால்.